சோலையம்மாள் காலமாகியிருந்த வருடங்கள்

1934-ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ஆவாரங்குளத்தில் குடியிருந்த சோலையம்மாள் காலமானாள். அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கம்பு இடித்துக் கூழ் காய்ச்சி இறக்கி வைத்தாள். தான் இறந்துபோன விஷயம் அவளுக்குத் தெரியவர ஏழு வருடம் பிடித்தது. அந்த வருடம் மழை சுமார், பருத்தி விலை படுத்துக் கிடந்தது, உளுந்து பரவாயில்லை.

அவளைக் காலமாக்கியவர் அவள் புருஷன் உக்கிரபாண்டி. கையால் தொடவில்லை, விஷம் வைக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அவர் மாட்டுத் தரகர். எதிராளியின் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் விரலாலேயே விலை பேசுவதில் திருமங்கலத்திலிருந்து மதுரை வரை அவருக்கு ஈடாக ஆள் கிடையாது. துண்டுக்கு மேலே முகம் பாசத்தில் உருகிக்கொண்டிருக்கும். துண்டுக்குக் கீழே விரல் வேறு பேச்சுப் பேசும். இந்தத் தொழிலிலேயே ஊறிப்போனவருக்குக் குடும்பத்துக்கும் ஒரு துண்டு தேவைப்பட்டது போலிருக்கிறது. வில்லாபுரத்தில் இருளாயி என்று ஒருத்தி, தகப்பன் விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்து பால் கறந்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சினைப்பசு ஒன்று பிடித்துக் கொடுக்கப் போன உக்கிரபாண்டி, பசுவைக் கட்டிவிட்டுத் திரும்பாமல் தானும் அங்கேயே நின்றுவிட்டார்.

இருளாயி லேசில் ஏமாறுகிற பெண் இல்லை. முதல் கேள்வியே, “கட்டுனவ இருக்காளா?” என்பதுதான்.

“போயிட்டா” என்றார் உக்கிரபாண்டி.

“எங்கிட்டுப் போயிட்டா?”

“மேலதான். பேதியில.”

“அப்பச் சரி. கம்மாக்கரைக் கருப்பன் வாசல்ல சூடம் அணைச்சு இதையே சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.”

கருப்பன் வாசலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பொய் சொன்னவனுக்குக் கண் அவியும், கால் விளங்காது என்று ஊருக்கே பயம். உக்கிரபாண்டிக்கும் பயம்தான். ஆனால் நாற்பது வயதில் வரும் ஆசை பயத்தை விடப் பெரியது. “எம் பொண்டாட்டி சோலையம்மா போயிட்டா” என்று சொல்லி அணைத்தார். கருப்பன் அவர் கண்ணையும் ஒன்றும் செய்யவில்லை, காலையும் ஒன்றும் செய்யவில்லை. சொன்ன சொல்லை மட்டும் மெய்யாக்கிவிட்டார். ஏன் இப்படிச் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கருப்பனிடம் காரணம் கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து ஆவாரங்குளத்தில் சோலையம்மாளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். யாருக்கும் அவள் மேல் கோபம் இல்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வளையல்காரன் தெருவில் எல்லா வீட்டிலும் கூடையை இறக்கினான், அவள் வாசலில் மட்டும் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான். கல்யாணப் பந்தியில் அவளுக்கு இந்தப் பக்கம் ஓர் இலை விழும், அந்தப் பக்கம் ஓர் இலை விழும், நடுவில் பாய்தான் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் மட்டும் காசு கேட்கமாட்டார். இதை ஒரு லாபமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் கொஞ்ச நாள் முயன்று பார்த்தாள். ஆனால் 1937-இல் அவள் ஆத்தா செத்தபோது, வந்த பெண்கள் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். பெற்ற மகளைக் கட்டிக்கொண்டு அழ ஒருத்தியும் வரவில்லை. அவள் தனியாக மாட்டுக் கொட்டத்தில் போய்ப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாடும் நாயும் சூடத்தை மதிப்பதில்லை, அவற்றுக்கு அவள் எப்போதும்போல்தான் தெரிந்தாள். உக்கிரபாண்டிக்கும் தெரிந்தாள். பொய் சொன்னவருக்கு மட்டும் உண்மை தெரியுமே. ஆகவே அவர் கண்ணில் அவள் துளியும் குறையவில்லை. சந்தைக்குப் போய் வந்தால், “அடியே, சோத்தப் போடு” என்று பழைய சத்தத்திலேயே கூப்பிட்டார்.

அவள் இறந்ததால் நடந்த இன்னொரு விஷயம் வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. முதல் தாரம் பூவோடும் பொட்டோடும் போயிருந்தால், பின்னால் வருகிறவள் அவளை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடவேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. இருளாயி முறை தவறாதவள். ஓர் ஓலைப்பெட்டியில் மஞ்சள் சேலையும் வளையலும் வைத்து, வெள்ளிக்கிழமை மதியம் அதன் முன்னால் இலை போட்டு, “அக்கா, நீ மொதல்ல சாப்பிடு” என்று முதல் கவளத்தை அங்கே வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். அந்தக் கவளம் வில்லாபுரத்தில் இலையில் அப்படியே இருக்கும். அதன் ருசியும் நிறைவும் ஆவாரங்குளத்தில் சோலையம்மாளுக்கு வந்து சேரும். களத்தில் கடலை உடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாயில் நெய்ச்சோறு நிறையும், பிறகு பருப்பு, பிறகு பாயசம். எண்ணெய் காணாத தலையில் மல்லிகை மணக்கும். தைப் பொங்கலன்று கட்டாத புதுச்சேலை ஒன்று உடம்பில் மொடமொடக்கும். பக்கத்து வீட்டு ஒச்சாயியிடம் சொன்னாள். ஒச்சாயி காதில் அவள் பேச்சு பாதிதான் விழும். “என்னது, பேயி சோறு ஊட்டுதா? நமக்கு அப்படி ஒரு பேயி வாய்க்கலியே” என்று சொல்லிவிட்டு அவள் புளியம்பழம் உடைக்கப் போய்விட்டாள்.

பேயாக இருந்தாலும் நல்ல சமையல்காரப் பேய் என்று சோலையம்மாள் நினைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டில் அண்ணன்மார் சாப்பிட்ட பிறகு, வந்த வீட்டில் புருஷன் சாப்பிட்ட பிறகு, சட்டியின் அடியைச் சுரண்டியே வளர்ந்தவள் அவள். முதல் கவளம் என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாயசம் உப்புக் கரித்தது. அது உக்கிரபாண்டி ஆவாரங்குளத்தில் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில்தான் என்பதை அவள் கவனித்தாள், காரணம் புரியவில்லை. வயிறு நிறைந்தும் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. யாராவது ஒருத்தர் தன்னை நேராகப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எதையாவது கேட்கவேண்டும். ஒரு கைமாத்து உப்பாக இருந்தாலும் போதும். அதற்காகக் கும்பிடாத சாமி இல்லை. தானே ஒரு சாமியாக இருப்பது அவளுக்குத் தெரியாது.

1941 சித்திரையில் பீர் முகமது தன் கூடாரக் கொட்டகையை வில்லாபுரம் பொட்டலில் போட்டார். சொந்த ஊரில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம் அது. ஜவுளியை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் படம் காட்டும் மிஷின் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்கு வந்துவிட்டார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த தெற்கத்தி வண்டிகளெல்லாம் திரும்பும்போது வில்லாபுரம் பேட்டையில் மாடு அவிழ்த்து இளைப்பாறும் என்று கணக்குப் போட்டு, ‘இரண்டு வாசல்’ என்ற தமாஷ் படத்தைக் கொண்டுவந்திருந்தார். கூட்டம் அள்ளியது. கொட்டகைக்குள் மணல்தரை, நடுவில் இடுப்பளவு மண்சுவரும் அதன்மேல் ஒரு சாக்குப் படுதாவும். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். பெண்கள் வாசலில் பீர் முகமதுவின் அக்கா சைனப் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் தூங்கும் கைக்குழந்தைக்கும் டிக்கெட் கேட்கிற ஆள் அவர். ஆவாரங்குளத்து வண்டியில் வந்த சோலையம்மாள் காசை நீட்டிக்கொண்டு நின்றாள். சைனப் அவளுக்குப் பின்னால் நின்றவளிடம் காசு வாங்கினார், அதற்குப் பின்னால் நின்றவளிடம் வாங்கினார். சோலையம்மாள் பெருமூச்சு விட்டுக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய் மணலைக் கூட்டிக் குமித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு பெண் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவளைக் கூட்டிவந்த ஆம்பளை அந்தப் பக்க வாசலில் போனார்.

படத்தின் கதை இதுதான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்குத் தெருவுக்கு ஒரு வாசல், சந்துக்கு ஒரு வாசல் உள்ள வீடு. நடுவில் சுவர் எழுப்பி, தெரு வாசலில் மூத்தவளையும் சந்து வாசலில் இளையவளையும் குடிவைத்திருக்கிறார். இளையவளிடம் மூத்தவள் செத்துப்போனதாகக் கதை. அவள் மூத்தவள் படத்துக்கு மாலை போட்டுத் தினமும் விழுந்து கும்பிடுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தவள் தோசை சுடுகிறாள். குமாஸ்தா ஒரு வாசலில் தலைப்பாகையோடு வெளியே வந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறு வாசலில் நுழைகிறார். பெண்கள் பக்கம் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. ஆண்கள் பக்கம் சிரிப்பை விட இருமல் அதிகமாகக் கேட்டது. அந்த இருமலுக்கு நடுவில், கிணற்று உருளை கிறீச்சிடுகிற மாதிரி ஒரே ஒருவர் மட்டும் வஞ்சகமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சோலையம்மாளுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்ததுபோல் இருந்தது. சந்தைக்குப் போனவர் இங்கே எங்கே வரப்போகிறார் என்று விட்டுவிட்டாள்.

பீர் முகமதுவிடம் இருந்தது ஒற்றை மிஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். முதல் விளக்கில் பக்கத்துப் பெண் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு முறுக்கை ஒடித்து, முதல் துண்டை முந்தானை நுனியில் வைத்துக் கண்ணை மூடி, “அக்கா, நீ மொதல்ல தின்னு” என்றாள். சோலையம்மாள் வாயில் முறுக்கு நொறுங்கியது. எள்ளும் ஓமமும் பல்லில் இடறின. இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே என்று அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அடுத்த விளக்கில் அந்தப் பெண் இன்னொரு முறுக்கை எடுத்து அதேபோல் வைத்தாள். சோலையம்மாள் வாயில் இன்னொரு முறுக்கு. அவள் அதை மெதுவாக மென்று, விழுங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சொன்னாள்.

“ஓமம் ஒரு பொடி கூடிப்போச்சு.”

“ஆமாக்கா, கை தவறிருச்சு” என்றாள் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடியே. ஏழு வருடமாக ஓலைப்பெட்டியோடு பேசிப் பழகியவள். பதில் சொல்ல அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிறகுதான் பெட்டி வீட்டில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து மெல்லத் திரும்பினாள். கண்ணுக்கு நேரே பார்த்தாள். சோலையம்மாளை ஒருத்தி அப்படிப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

“யாருக்கும்மா படைக்கிற?”

“எங்க மூத்தவளுக்கு. கல்லுப்பட்டிக்கு அங்கிட்டு. பாவம், பேதியில போயிட்டாக.”

“பேரு?”

“சோலையம்மா.”

விளக்கு அணைந்தது. திரையில் குமாஸ்தா அவசரத்தில் தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டு தப்பான வாசலில் நுழைந்தார். படுதாவுக்கு அந்தப் பக்கம் கிணற்று உருளை கிறீச்சிட்டது. “எங்க வீட்டுக்காரரு” என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சோலையம்மாளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தப் பெண்ணின் மயிரைப் பிடித்து இழுக்கக் கை துருதுருத்தது. ஆனால் அவள் போட்ட முறுக்கை இன்னும் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அவளையே திட்டச் சோலையம்மாளுக்கு வரவில்லை. அதற்குள் இருளாயி மணலில் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்துவிட்டாள். “ஏ, எந்திரிம்மா, அங்கிட்டு என்ன தேடுற? படம் மறைக்குது” என்று பின்னாலிருந்து ஒருத்தி அதட்டினாள்.

மீதிப் படத்தை அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கிசுகிசுவென்று கேட்கவேண்டியதையெல்லாம் சோலையம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்: சூடம், பெட்டி, சேலை. பாயசம் ஏன் சில நாள் கரிக்கிறது என்றும் கேட்டாள். சந்தைக்குப் போனவர் வராத வாரங்களில் பாயசம் கிண்டும்போது அழுகை வந்துவிடும், பெட்டியைத் தவிர யாரிடம் சொல்லி அழுவது என்றாள் இருளாயி. கடைசி ரீலில் குமாஸ்தா இரண்டு பெண்டாட்டிகள் காலிலும் விழுந்தார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கையால் அவரைத் தூக்கிவிட்டார்கள். நடுச்சுவரை இடித்துவிட்டு மூன்று பேரும் பாடினார்கள். சுபம் என்று போட்டார்கள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள் சோலையம்மாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆவாரங்குளத்து வண்டி அதிகாலையில் கிளம்பிப் போனது. ஓர் ஆள் குறைவதை யாரும் கவனிக்கவில்லை. மதியம் வில்லாபுரத்து வீட்டில் இருளாயி ஓலைப்பெட்டிக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினாள். சாமி சாப்பிட்ட பிறகுதான் தனக்கு என்பதால் உக்கிரபாண்டி சுவரில் சாய்ந்து, முதல்நாள் படத்தை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “அக்கா, வந்து சாப்பிடுக்கா” என்று இருளாயி கூப்பிட்டாள். கொல்லை வாசல் வழியாகச் சோலையம்மாள் உள்ளே வந்தாள், காலைக் கழுவினாள், இலை முன்னால் உட்கார்ந்து நெய்ச்சோற்றைப் பிசைந்தாள். உக்கிரபாண்டிக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பேய் என்று பயந்து ஓடக்கூட அவருக்கு வழியில்லை; அவள் சாகவில்லை என்பது அவர் ஒருவருக்குத்தானே தெரியும்.

“என்ன, அங்கிட்டே பாக்குறீக?” என்றாள் இருளாயி.

“ஒண்ணுமில்ல. ஈ.”

“எங்க அக்கா சாப்பிடுற எடத்துல ஈ வராதே.”

“இருளாயி, கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்து” என்றாள் சோலையம்மாள். இருளாயி ஊற்றினாள். உக்கிரபாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. இலையில் இரண்டாம் தரம் சோறு விழுந்தது, மூன்றாம் தரம் ரசம் விழுந்தது. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

“அடியே, நீ எதுக்கு இங்கிட்டு வந்த? அங்க மாட்ட யாரு பாக்குறது?”

“யாருகிட்டப் பேசுறீக?” என்றாள் இருளாயி.

“இந்தா ஒக்காந்திருக்காள்ல, இவகிட்டத்தான்!”

“அது எங்க மூத்தவளாச்சே. செத்தவககிட்டயா மாட்டக் கேப்பாக?”

“இவ எங்கடி செத்தா? குத்துக்கல்லாட்டம் இருக்கா!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. பிறகு அவர் முதல்நாள் படித்த பாடத்தின்படி இரண்டு பேருக்கும் நடுவில் தொபீரென்று விழுந்து, “நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு” என்று அழ ஆரம்பித்தார்.

“இது நேத்தே பாத்தாச்சு” என்று சொல்லிவிட்டுச் சோலையம்மாள் கை கழுவ எழுந்தாள்.

மூன்று பேரும் கண்மாய்க்கரைக்குப் போனார்கள். பூசாரி காசிமாயன் ஆலமரத்தடியில் உட்கார்ந்து அரிவாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் இருளாயியும் அவள் புருஷனும்தான் வந்தார்கள். இருளாயி சூடத்தை ஏற்றினாள். “எங்க அக்கா சோலையம்மா இருக்கா” என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தாள். காசிமாயன் தலையைத் தூக்கி, “இந்தத் தாயி எப்ப வந்தாக? யாரு வீடு?” என்று கேட்டார். சோலையம்மாள் சிரித்தாள், அழுதாள், ஊர்ப் பேரைச் சொன்னாள். பிறகு முந்தானையிலிருந்து இன்னொரு சூடத்தை எடுத்தாள்.

“வேணாம் சோலை” என்றார் உக்கிரபாண்டி. கல்யாணமானதிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஏழு வருசம்” என்றாள் அவள். “ஒரு பந்தியில எனக்கு எலை விழுகல. எங்க ஆத்தா எழவுல என்னையக் கட்டிப்புடிச்சு அழ ஆளில்ல. நீங்க பாத்துக்கிட்டேதான இருந்தீக? உங்க கண்ணுக்கு நான் தெரிஞ்சேன்ல?” அவள் சூடத்தை ஏற்றினாள். “எங்க வீட்டுக்காரரு உக்கிரபாண்டி போயிட்டாரு. பேதியில” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி அணைத்தாள். காசிமாயன் தட்டை எடுத்துவந்து இரண்டு பெண்களுக்கும் திருநீறு கொடுத்தார். நீட்டியிருந்த மூன்றாவது கைக்கு மேலாகத் தட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார். தாலியை என்ன செய்வது என்று இருளாயி கேட்டாள். “செத்தவ ஆக்குன சோத்த அவுக ஏழு வருசம் தின்னாகள்ல? செத்தவக கட்டுன தாலிய நாம போட்டுக்கிட்டா என்ன?” என்றாள் சோலையம்மாள். அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் பூ வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் ‘இரண்டு வாசல்’ கடைசி ஆட்டம். சோலையம்மாள் இருளாயியோடு பெண்கள் வாசலுக்குப் போனாள். பழைய பழக்கத்தில் யாரையும் பார்க்காமல் உள்ளே நடந்தாள். சைனப் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

“ஏம்மா, எங்க போறே? டிக்கெட்டு யாரு எடுக்கிறது?”

சோலையம்மாள் நின்றாள். “என்னையவா கேக்குறீக?”

“பின்ன ஒங்க அப்பனையா கேக்குறேன்? கண்ணுக்கு முன்னாடி இம்புட்டுப் பெரிய பொம்பள நுழைஞ்சா எனக்குத் தெரியாதாக்கும்?”

சோலையம்மாள் ஒரு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாள். பிறகு நேற்றைக்கும் சேர்த்து இன்னொரு டிக்கெட்டுக்குக் கொடுத்தாள். பிறகு சைனப்பின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். சினிமாவுக்கு டிக்கெட் கேட்டதற்காக இப்படி அழுகிற பெண்ணை சைனப் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. “அல்லாவே, தமாஷ் படந்தாம்மா, உள்ள போய்ச் சிரி” என்று அனுப்பிவைத்தார். அந்தப் பக்கம் ஆண்கள் வாசலில், சொந்த மச்சானைக்கூட ஓசியில் விடாத பீர் முகமது, காசை நீட்டிக்கொண்டு நின்ற உக்கிரபாண்டியைத் தாண்டிப் பின்னால் நின்றவரிடம் காசு வாங்கினார். உக்கிரபாண்டி உள்ளே போய் மணலைக் குமித்து உட்கார்ந்தார். தல்லாகுளத்திலிருந்து வந்திருந்த ஒரு கனத்த வக்கீல் குமாஸ்தா அந்தக் குமியலை வெற்றுக் குமியல் என்று நினைத்து அவர் மடியிலேயே அமர்ந்து, படம் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

உயிர் வந்ததில் சோலையம்மாளுக்கு ஒரே ஒரு நஷ்டம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அவள் ஆவாரங்குளத்துக் களத்தில் உட்கார்ந்திருந்தாள். வளையல்காரன் வந்து கை நிறையப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒச்சாயி வந்து உப்பு கேட்டு வாங்கிப் போயிருந்தாள். உச்சிப் பொழுது வந்தது; வாயில் ஒன்றும் வரவில்லை. தலையில் மல்லிகை மணக்கவில்லை. உயிரோடிருப்பவளுக்கு யார் படைப்பார்கள்? தெரிந்தேதான் சூடம் அணைத்தாள் என்றாலும் அவளுக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. உலகத்தில் தனக்கு முதல் கவளம் வைத்த ஒரே ஜீவனையும் தொலைத்துவிட்டேனே என்று முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது கல்லுப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, வரப்பு வழியாகத் தூக்குச்சட்டியோடு இருளாயி நடந்து வந்தாள். வெயிலில் முகமெல்லாம் கறுத்திருந்தது. “பஸ்ஸு லேட்டாயிருச்சுக்கா” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, முதல் கவளத்தை உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தாள். அன்று பாயசம் உப்புக் கரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வெள்ளி ஆவாரங்குளத்தில், மறு வெள்ளி வில்லாபுரத்தில் என்று அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஓலைப்பெட்டியில் இப்போது உக்கிரபாண்டியின் தரகுத் துண்டு இருந்தது. அதன் முன்னால் மறக்காமல் ஒரு கவளம் வைத்தார்கள். இறந்தவரைப் பட்டினி போடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவர் நீட்டிய விரல் யாருக்கும் தட்டுப்படாததால் தரகு போய்விட்டது. மாடுகளுக்கு மட்டும் அவர் தெரிந்தார் என்பதால், சந்தைக்குச் சந்தை மாடு ஓட்டிப் பிழைத்தார். பெட்டிக்குள், அவர் இருக்கிறார் என்று சொல்லி அணைக்க இன்னொரு சூடமும் பத்திரமாக இருந்தது. அதை எப்போது ஏற்றுவது என்று இரண்டு பேரும் அடிக்கடி கலந்து பேசினார்கள். பேச்சு ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் திரும்பிப் பாதியில் நின்றது.

யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், பீர் முகமது கூடாரத்தை விற்றுவிட்டுக் கட்டடத்தில் தியேட்டர் வைத்தார். உக்கிரபாண்டியை யாரும் கவனிக்காவிட்டாலும், வெள்ளிக்கிழமை மதியம் மாட்டுச் சந்தையில் அவர் வெறும் வாயை மெல்லுவதை மட்டும் காலப்போக்கில் எல்லோரும் கவனித்தார்கள். வாரம் முழுவதும் அவர் ஒழுங்காக நடந்திருந்தால் பாயசம். எந்த ஊர்க் கிணற்றடியிலாவது தண்ணீர் எடுப்பவளை இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்திருந்தால் பாகற்காய், அதுவும் வெல்லம் போடாதது. செய்தி எப்படித்தான் பெட்டிக்குப் போகிறதோ, தப்பியதே கிடையாது. முகம் மலர்ந்தால், “இன்னைக்குப் பாயசம்” என்பார்கள். முகம் கோணினால், சந்தைக்கு வந்த கல்யாணமான ஆண்கள் கீழே பார்ப்பார்கள். அவர் கடைசி வாயையும் மென்று விழுங்கி, துண்டில்லாத தோளில் வாயைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டு, பிறகு மாட்டை அவிழ்த்து விலை பேசுவார்கள்.